ரெனுவாரின் 'எலெனா ஏ லெ ஸோம்' படத்துக்குச் சப்டைட்டில் பொருந்தவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, ழான் ரெனுவார் 1956இல் எடுத்த இந்தப் படத்தின் டிவிடி பாரிஸில் கிடைத்தது, ஆனால் அதில் ஆங்கில சப்டைட்டில் இல்லை, என் பிரெஞ்சு இந்தப் படத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. போலந்து இளவரசியாக இங்க்ரிட் பெர்க்மன், அவரை வைத்துத் தளபதியாக வரும் ழான் மரேயை ஆட்சியைப் பிடிக்கத் தூண்டும் கூட்டம், நடுவில் மெல் ஃபெரரின் காதல் என்று போகும் கதையில் அரசியல் கிண்டல் முழுவதும் வசனத்தில்தான் இருக்கிறது. புரியாமல் பார்க்க மனம் வரவில்லை.

இணையத்தில் எடுத்த எஸ்ஆர்டி (SRT) சப்டைட்டில் கோப்பை விஎல்சி (VLC) வீடியோ பிளேயரில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். டிவிடி ஐரோப்பிய பால் (PAL) வீடியோ வகை, நொடிக்கு 25 பிரேம், அதனால் கோப்பின் வேகத்தை 23.976 பிரேமிலிருந்து 25க்கு மாற்றியும் பார்த்தேன். தொடக்கம் சரியாக வருகிறது, ஆனால் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 கூட்டக் காட்சிக்கு அப்புறம் வசனங்கள் சீராக இல்லாமல் திடீர் திடீரென்று தாவுகின்றன, சில வரிகள் படத்திலேயே இல்லை. இதன் ஆங்கிலப் பதிப்பு 1957இல் அமெரிக்காவில் தனியாக வெளியானது, அதற்கான கோப்போ என்று சந்தேகம்.

பிரெஞ்சுப் பதிப்பு ஆங்கில சப்டைட்டிலோடு எந்த டிஸ்க்கில் வந்திருக்கிறது, யாராவது பார்த்திருக்கிறீர்களா?