உதவி: நாஸ் பெட்டிக்குள் சில பாடல்கள் மட்டும் போகவில்லை

இசைப்பேழை22
அவசரம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடல்கள், 3 டெராபைட். பழைய வட்டிலிருந்து புதிய நாஸ் பெட்டிக்கு (வீட்டு வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) மாற்றுகிறேன். பெரும்பாலானவை போய்விட்டன, சில நூறு மட்டும் பிழை காட்டி நிற்கின்றன. என்ன செய்வது?

தகடுதேடி
என்ன பிழை? செய்தியை அப்படியே எழுதுங்கள். விண்டோஸா, மேக்கா? கோப்புகள் என்ன வடிவம்?

சுழல்வட்டு
பழைய வட்டு போகப்போகிறது. சில கோப்புகள் மட்டும் அடம்பிடித்தால் பழுதான செக்டர்தான் (வட்டின் சிறு பகுதி) காரணம். வட்டு தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள், யுஎஸ்பி கேபிளையும் மாற்றுங்கள்.

மூத்தநிரலர்
பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் வரவில்லை. ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறை) போட்டுவிட்டு அதையே காப்பு நகல் என்று நம்பியிருப்பீர்கள். ஒரு வட்டு பழுதானால் ரெய்டு தாங்கும். நீங்களே அழித்த கோப்பை அது மீட்டுத் தராது.

தகடுதேடி
ஐயா, அவர் ரெய்டு பற்றிக் கேட்கவே இல்லை.

எளியவழி
3 டெராபைட் எதற்கு? எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 ஆக்குங்கள். நிமிடத்துக்கு 2.4 மெகாபைட்தான். காதுக்கு வேறுபாடு தெரியாது.

அலைநீளம்
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறுந்தகட்டின் ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். ஃபிளாக் என்ற கோப்பு வடிவம் அதை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும், ஒலியில் ஒரு பிட்கூட இழக்காமல். எம்பி3 கழித்துக்கட்டியது திரும்ப வராது.

எளியவழி
பாட்டு கேட்பதற்கா, பிட் எண்ணுவதற்கா?

அலைநீளம்
கைப்பேசிக்கு எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளட்டும், யார் தடுத்தது? மூலத்தை அழிக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

இசைப்பேழை22
விண்டோஸ். ஃபிளாக். பெயர் நீளம் அதிகம் என்கிறது. ஆனால் எதுவும் 120 எழுத்தைத் தாண்டவில்லை. 255 வரை அனுமதி உண்டே?

தகடுதேடி
பெயர்கள் தமிழிலா?

இசைப்பேழை22
ஆம். பாடல், பாடியவர், இசை, தொகுப்பு, ஆண்டு எல்லாம் பெயரிலேயே இருக்கின்றன.

தகடுதேடி
அதுதான் காரணம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகளை அனுமதிக்கிறது. நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டிலும் வரம்பு 255 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘பாடல்கள்’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து, வட்டில் 24 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும்.

வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி. தொகுப்பையும் ஆண்டையும் கோப்புறையின் பெயராக்குங்கள், பாடியவரையும் இசையமைத்தவரையும் கோப்பின் டேக்கில் (கோப்புக்குள்ளேயே பதியும் விவரக்குறிப்பு) எழுதுங்கள். எம்பி3டேக் மென்பொருள் கோப்புப் பெயரைப் பிரித்து மொத்தமாக டேக்கில் ஏற்றும். பெயரைச் சுருக்குமுன் இதை முடித்துவிடுங்கள், இல்லையேல் அந்த விவரங்கள் போய்விடும்.

சுழல்வட்டு
இருந்தாலும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்ப்பது நல்லது.

இசைப்பேழை22
எல்லாம் நாஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெயர்தான் காரணம். நன்றி.

அலைநீளம்
பழைய வட்டை இப்போதே அழிக்க வேண்டாம். ஃபிளாக் கோப்புகள் பொதுவாக ஒலித்தரவின் எம்டி5 கையொப்பத்தை (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) தமக்குள்ளேயே வைத்திருக்கும். நாஸில் உள்ள நகல்கள் முழுவதையும் ஃபிளாக் நிரலின் சோதனைக் கட்டளையால் ஒருமுறை ஓட்டுங்கள். சிதைந்தது எது என்று பெயரோடு சொல்லிவிடும். அந்தப் பழைய வட்டையே இரண்டாம் நகலாக வேறிடத்தில் வைக்கலாம். செய்வீர்களா?