மறு: நடைபாதையில் படியும் 'பிளாக் ஐஸ்': கலைச்சொல் தேவை

ரொறன்ரோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், இங்குள்ள தமிழ் முதியோருக்கான குளிர்காலப் பாதுகாப்புத் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பகலில் உருகி ஓடிய நீர் இரவில் மீண்டும் உறைந்து தார் வீதியில் மெல்லிய தகடாகப் படியும்போது, அது நிறமற்றதாகையால் அடியிலுள்ள தாரே தெரிகிறது. வெறும் ஈரம் என்றெண்ணிக் கால் வைப்பவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். 'கரும்பனி' எனலாமா?

மதுரையிலிருந்து, தமிழாசிரியர்:
கூடாது. அது கரியதன்று என்று தாங்களே சொல்கிறீர்கள். மேலும், தொல்காப்பியம் கூறும் முன்பனி, பின்பனி தொட்டுப் பனி நமக்குத் துளியும் குளிருமே. நீர் உறைந்த கட்டியைச் சங்கப் புலவர்கள் 'ஆலி' என்றார்கள். அச்சொல் ஆலங்கட்டியில் இன்றும் வாழ்வதால், 'ஆலித்தகடு' என்பதே செம்மையானது.

உதகையிலிருந்து:
ஐயா, ஆலி வானிலிருந்து விழுவது; இதுவோ தரையிலேயே உறைவது. எங்கள் மலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதை நாளிதழ்கள் 'உறைபனி' என்று எழுதுகின்றன. பனி உறையும் என்பதை மக்கள் எப்போதோ ஏற்றுவிட்டார்கள். 'காணாப்பனி' என்பது என் பரிந்துரை.

மதுரையிலிருந்து:
பனி எதைக் காணவில்லை? 'ஓடாக் குதிரை' என்றால் ஓடாதது குதிரையல்லவா?

உதகையிலிருந்து:
'உண்ணாச் சோறு' என்றால் உண்ணாதது சோறன்று. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களில் செய்பொருளையும் நன்னூல் சேர்த்திருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து, இயன்முறை மருத்துவர்:
இலக்கணம் இருவர் பக்கமும் இருக்கட்டும். எழுபது வயது அம்மாவுக்கு ஆலியும் புரியாது, காணாப்பனியும் உடனே விளங்காது. "ரோட்டு கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். 'கண்ணாடிப்பனி' என்று எழுதி, செய்ய வேண்டியதை அதன் கீழே விளக்குங்கள்: கைகளைச் சட்டைப் பைக்குள் வைக்காமல், பாதங்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி, உடற்பாரம் முன்காலின் மேல் நிற்குமாறு பென்குயினைப் போலக் குட்டி அடி வைத்து நடக்க வேண்டும். வாசற்படியில் உப்புத் தூவினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வெப்பநிலை மைனஸ் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனியை மிக மெதுவாகவே உருக்கும். அப்போது மணலே கைகொடுக்கும். அது பனியை உருக்காது, ஆனால் சப்பாத்துக்குப் பிடிப்புத் தரும்.

ரொறன்ரோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. தனி மடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் இதையே ஆதரிப்பதால், 'கண்ணாடிப்பனி' அச்சுக்குப் போகிறது.

உதகையிலிருந்து:
பெரும்பான்மையை ஏற்கிறேன், எனினும் என் மறுப்பைப் பதிந்துவைக்க வேண்டுகிறேன். கண்ணாடி என்றதும் வாசிப்பவர் பளபளப்பைத் தேடுவார், இதுவோ நனைந்த தார் போலவே கிடப்பது. ஆகவே, "ஈரமாகத் தெரியும் இடமெல்லாம் உறைந்திருக்கலாம்" என்ற வரியையாவது அச்சொல்லின் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து:
அவ்வரியை வழிமொழிகிறேன். ஆலியை அடுத்த பதிப்பின்போது மீண்டும் பேசுவோம்.