தீபாவளி உபசரிப்புக்குச் சிரிப்பும் பொன்மொழியும் கலந்த ஒரு தாள்: எதைப் போடலாம்?

செந்தாழை (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
வணக்கம். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) திறந்த இல்ல உபசரிப்பில் மேசைக்கு மேசை வைக்க ஒரு தாள் தயாராகிறது. ஏ4 தாள், நடுவில் ஒரு மடிப்பு, நான்கு பக்கம். சிரிப்பு, விடுகதை, பொன்மொழி, கைப்பேசியில் ரசிக்க ஒன்றிரண்டு இணையத்தளங்கள் வேண்டும். பாட்டிக்கும் பிடிக்கணும், படிவம் மூன்று படிக்கும் பிள்ளைக்கும் பிடிக்கணும். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தவை குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது? உங்களுக்குப் பிடித்தவற்றையும் சொல்லுங்கள்.

நாவல்மரம்:
முதலில் பொன்மொழிகளைச் சலித்து எடுங்கள், அக்கா. புலனத்தில் இரட்டை அம்புக்குறியோடு வருவது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. அதன் அடியில் உள்ள பெயரை நம்பவே வேண்டாம். 'மெல்லத் தமிழினிச் சாகும்' என்பதைப் பாரதியார் சொன்ன ஆரூடம் என்று இன்னும் அனுப்புகிறார்கள். இரண்டே அடி தள்ளி 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்று வருகிறது! அப்படிச் சொன்னவனைத்தான் தமிழ்த்தாய் பேதை என்கிறாள், 'இந்த வசையெனக் கெய்திட லாமோ' என்று கொதிக்கிறாள். அந்தப் பாட்டை ஒப்பாரியாக்குவது பெரிய அநியாயம். போடுவதென்றால் 'சென்றிடுவீர் எட்டுத் திக்கும்' என்பதைப் போடுங்கள். கடல் கடந்து வந்த நம் ஊருக்குப் பொருந்தும். 'தமிழுக்கும் அமுதென்று பேர்' பாரதிதாசனுடையது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார், குறள் அல்ல.

குறளைச் சோதிப்பது சுலபம். முதல் அடியில் 4 சீர், அடுத்ததில் 3. ஏழு வராவிட்டால் தூக்கிப் போடுங்கள். எண்ணும் அதிகாரமும் ஒத்துப்போகணும்: கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டினால் அதிகார எண். 621 என்றால் 63, இடுக்கண் அழியாமை. சுழியத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம். அப்புறம் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் மூலத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொடிமுல்லை:
மாமியார் மருமகள் துணுக்குகள் வேண்டாம். ஒரே மேசையில் இருவரும் இருப்பார்கள், யாராவது ஒருவர் முகம் சுருங்கும். வாய்விட்டுப் படிக்கிறவைதான் களைகட்டும். 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' மூன்று முறை வேகமாக. திருப்பிப் படித்தாலும் மாறாதவை: விகடகவி, தேரு வருதே, மோரு போருமோ. 'தே', 'மோ' எல்லாம் ஒரே எழுத்தாகக் கொள்ளணும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள், பிள்ளைகள் கொம்பைத் தனியாகப் பிரித்துக் குழம்புவார்கள். எனக்கு உயிர் சம்பந்தரின் மாலைமாற்று:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

முதல் அடியைக் கடைசியிலிருந்து படித்தால் இரண்டாம் அடி. அடிக்கு 14 எழுத்து. எழுத்து மேல் விரல் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், மேசையே குனிந்துவிடும்.

விடுகதைகள் நம் ஊர் வாசனையோடு இருக்கட்டும். 'இழுக்க இழுக்க நீளும், கயிறல்ல. பொங்கி நுரைக்கும், கடலல்ல': தே தாரிக் (இழுத்து ஆற்றும் தேநீர்). 'வீசினால் விரியும், கைதட்டினால் உதிரும்': ரொட்டி சானாய் (நம் ஊர் பரோட்டா). விடைகளைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாகப் போடுங்கள்.

அச்சுமை:
தளங்கள் இரண்டு போதும். ரேடியோ கார்டன்: உலக உருண்டையை உருட்டிப் பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஏதாவது ஒரு கட்டுரை': தொடும்போதெல்லாம் வேறொரு கட்டுரை. இன்டர்நெட் ஆர்கைவில் உள்ள பழைய டாஸ் காலத்துக் கணினி விளையாட்டுகள் அருமையானவை, ஆனால் விசைப்பலகை இல்லாமல் பெரும்பாலானவற்றை ஆட முடியாது, மேசைக்கு உதவாது.

கியூஆர் குறியீடு 2 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. சுற்றி, குறியீட்டில் உள்ள சின்னக் கட்டங்கள் நான்கின் அகலம் வெள்ளையாக விடுங்கள். கோலக் கரை அதைத் தொட்டால் கைப்பேசி படிக்காது. முகவரி நேரடியாகப் பதிந்த வகையை எடுங்கள். இடைத்தளம் வழியாகத் திருப்பிவிடும் வகை, இலவசக் காலம் முடிந்ததும் செத்துப் போகும்.

பிடிஎஃபிலிருந்து தமிழை வெட்டி ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். மாலைமாற்றைக் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். பாட்டிகளுக்காக 14 புள்ளி எழுத்து. அச்சுக்கடைக்குப் புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃபாக அனுப்புங்கள். படமென்றால் சுருக்கிவிடும், மெய்யெழுத்தின் புள்ளிகள் மங்கும்.