எங்கள் முதியோர் சங்கத்தின் யோசனை: 65 வயதுக்காரர் 85 வயதுக்காரருக்குத் துணை. சரிவருமா?

குளக்கட்டு:
முல்லைத்தீவு முத்தையன்கட்டுப் பக்கம் இருந்து எழுதுகிறேன். தனியே இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்கு, நடமாட்டமுள்ள எங்களைப் போன்றவர்கள் கிழமையில் இரண்டு நாள் போய்வருவதென்று யோசிக்கிறோம். கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, குளிசை போட்டாச்சோ என்று பார்ப்பது, சாமான் வாங்கிக் கொடுப்பது, இருந்து கதைப்பது. பக்கத்து வளவு ஆச்சிக்கு நான் ஆறு மாதமாக இதைத்தான் செய்கிறேன். மகன் கனடாவில். முதியோர் இல்லம் என்று வாயெடுத்தாலே, "செட்டிகுளம் அகதி முகாமோட எல்லாம் முடிஞ்சுது, இனி ஒரு இடத்துக்கும் எழும்பமாட்டன்" என்பார்.

ஒட்டுசுட்டான்காரி:
அண்ணை, கோபிக்க வேண்டாம், எனக்கு இது பிடிக்கவில்லை. என் அம்மாவுக்கு 67. இப்படித்தான் ஒரு ஐயாவுக்கு உதவப் போனார். கிணற்றடியில் அவர் சறுக்க, அம்மா பிடிக்கப்போய் இரண்டு பேரும் விழுந்தார்கள். அம்மாவின் கை ஆறு கிழமை மாக்கட்டில். அந்த நாட்களில் அம்மாவை யார் பார்த்தது? நான்தான், வேலைக்கு லீவு போட்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி, பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். அதை விட்டுவிட்டு இன்னொரு கிழவியின் தோளில் ஏற்றுவதா?

குளக்கட்டு:
சட்டம் நல்லதுதான் தங்கச்சி. ஆனால் ஆச்சியின் மகன் மாதாமாதம் காசு அனுப்புகிறான், கைவிடவில்லை. காசு வந்து தண்ணீர் அள்ளித் தருமா? அதோடு 2009 யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் யார்மேல் முறையிடுவது?

பரந்தன் சந்தி:
அமெரிக்காவில் 'சீனியர் கம்பானியன்' என்று இதே வேலை பல காலமாக நடக்கிறது. 55 வயது தாண்டியவர்கள்தான் தொண்டர்கள். சும்மா அனுப்புவதில்லை, முதலில் பயிற்சி. வருமானம் குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் ஒரு சிறு படியும் உண்டு. வைத்திய வேலை அவர்கள் செய்வதில்லை.

ஒட்டுசுட்டான்காரி:
பாருங்கள், படி! இங்கே ஓட்டோக் காசையே அம்மா தன் கையால்தான் கொடுத்தார். சேவை என்று சொன்னால் காசு கேட்க வெட்கப்படுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதிலும் போவது பெரும்பாலும் பெண்கள்.

குளக்கட்டு:
அது நியாயம். பெண்கள் விஷயமும் உண்மை. எங்கள் பட்டியலில் ஒன்பது பேர், ஆண் நான் ஒருவன்தான். பஸ், ஓட்டோக் காசு சங்கம் தரவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். தூக்குவது, குளிப்பாட்டுவது இல்லை என்றும் எழுதிவைப்போம்.

ஒட்டுசுட்டான்காரி:
எழுதினால் போதாது. கண் முன்னால் விழுகிறவரைப் பிடிக்காமல் நிற்பீர்களா? முதலில் கிணற்றடிக்குக் கைபிடிக் கம்பி போடுங்கள்.

புளியடி:
எனக்கு 81. பேரன் தட்டித் தருகிறான். எல்லோரும் கதைக்கிறீர்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லை. என் சமையலை நானே பார்ப்பேன். வருகிறவர் அடுப்படியில் கை வைக்கக்கூடாது. கண்ணில் வெள்ளை படர்ந்ததால் பேப்பர் வாசிக்க முடியவில்லை, அதுதான் வேண்டும். கம்பியும் நல்ல யோசனை. புதன் எனக்குக் கிளினிக். செவ்வாய்க்கிழமை வரச்சொல்லுங்கோ.