புதுப் பருவத்துக்கு என்ன இலக்கு வைக்கலாம்?

மூன்றுபாத்தி:
போன பருவத்தில் நோட்டில் கட்டமெல்லாம் வரைந்து, 14 வகைக் காய்கறி என்று இலக்கு வைத்தேன். உருப்படியாகக் காய்த்தது வெண்டையும் கத்தரியும்தான். தக்காளியில் பாதிக் காய் அடிப்பக்கம் கறுத்து விழுந்தது. பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து பூத்துத் தள்ளியதே ஒழிய ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. கொல்லையில் இருப்பது 3 பாத்தி, ஒவ்வொன்றும் 8 அடிக்கு 4 அடி. காலையில் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இந்த முறை ‘இத்தனை கிலோ’ என்று இலக்கு வைக்கவா, இல்லை வகையைக் குறைக்கவா?

காய்ந்தஇலை:
கிலோக் கணக்கு வேண்டவே வேண்டாம். மழையும் வெயிலும் பூச்சியும் சேர்ந்து முடிவு செய்வதை நீங்கள் ஏன் தலையில் சுமக்கிறீர்கள்? உங்கள் கையில் இருக்கிற வேலையை இலக்காக வையுங்கள். தக்காளியின் அடி கறுப்பது தொற்று நோய் இல்லை, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், ஆனால் ஒரு நாள் குளமாகத் தண்ணீர் விட்டு அப்புறம் மூன்று நாள் காயப்போட்டால் அது காய்வரை ஏறாது. விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் இதைச் செய்வதே ஒரு பருவத்துக்குப் போதுமான இலக்கு. மேலே 2, 3 அங்குலம் சருகு மூடாக்கும் போடுங்கள் (என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் அந்தக் கட்சி).

மாலைப்பூ:
பீர்க்கு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில் விரல் அளவில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். ஆனால் முக்கியமான சங்கதி, பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும். நீங்கள் தோட்டத்துக்குப் போவதோ காலையில். தேனீ வராத இடமென்றால் மாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். அந்த நேரம் முடியாதென்றால் பீர்க்கையே விட்டுவிட்டு, காலையில் பூக்கிற பூசணியோ வெள்ளரியோ போடுங்கள். இலக்கு வைக்கும்போது செடியின் நேரமும் நம் நேரமும் ஒத்துப்போகிறதா என்று யாருமே பார்ப்பதில்லை!

மூன்றுபாத்தி:
அடக் கடவுளே. காலையில் வாடிக் கிடந்த பூவைப் பார்த்துவிட்டுப் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஈரமண்:
நானும் அடித்திருக்கிறேன், விடுங்கள். 14 வகையை 5 ஆக்குங்கள். போன தடவை தக்காளி, கத்தரி இருந்த பாத்தியில் மறுபடி அவையோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்த நோய் மண்ணில் தங்கி அடுத்ததையும் பிடிக்கும். அங்கே பீன்ஸ் போடுங்கள். முள்ளங்கி 30 நாளில் வந்துவிடும், ஆனால் மொத்த விதையையும் ஒரே நாளில் போட்டுவிட்டுத் திண்டாடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். அப்புறம் விதை வாங்கும் முன் ஒரு நாள் முழுக்க வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், காய்க்கிற செடிக்குக் குறைந்தது 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

காய்ந்தஇலை:
5 கூட அதிகம்தான், அரை மணி நேரத்துக்கு 4 போதும்.

மூன்றுபாத்தி:
சரி, தக்காளி, வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, பூசணி. ஐந்துதான், பூசணியை விட மனமில்லை. தினமும் விரல் விட்டுப் பார்ப்பதை மட்டும் நோட்டில் குறிக்கப்போகிறேன், கிலோவைக் குறிக்கவில்லை. பூசணிக்கு ஒரு பாத்தி காணுமா?

மாலைப்பூ:
காணாது. பாத்தி ஓரத்தில் நட்டு, கொடியை வெளியே திருப்பிவிடுங்கள், நடைபாதையில் படரட்டும்.