மறு: 'பேக்கப் ரிவால்வர்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. 'காப்புத் துப்பாக்கி'யா 'துணைத் துப்பாக்கி'யா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். ஆனால் அந்த அமெரிக்கக் கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டது அது மட்டும் இல்லை. எடை குறைந்ததாக, சிறிய சட்டகம் (துப்பாக்கியின் உடற்பகுதி, 'ஃபிரேம்') கொண்டதாக, முதல் துப்பாக்கிக்கு மேல் இன்னொன்றாக வைத்துக்கொள்கிற ரிவால்வர் என்ற முழுத் தொடருக்கும் அவருக்குச் சொற்கட்டு வேண்டும். இதில் எடை ஒன்று, அளவு ஒன்று, வேலை ஒன்று. கடையில் நின்று தேர்ந்தெடுக்கிறவர் மூன்றையும் தனித்தனியாகத்தான் யோசிக்கிறார், அதனால் நம் சொல்லும் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

> சிறியது என்றாலே இலேசுதானே? 'சிறு ரிவால்வர்' போதாதா?

போதாது ஐயா. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷலை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மாடல் 36 என்று எண் கொடுத்தார்கள். ஐந்து தோட்டா, அதுவும் .38 ஸ்பெஷல் வகை, இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், முழுக்க எஃகு, சுமார் 550 கிராம். ஜே என்று அவர்கள் பெயரிட்ட அதே சிறு சட்டகத்தில் அலுமினியக் கலவையால் செய்த மாடல் 642 சுமார் 410 கிராம். ஸ்காண்டியம் என்ற உலோகம் சேர்த்த சட்டகமும், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை டைட்டானியத்திலும் கொண்ட 340பிடி சுமார் 335 கிராம்தான். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது, கால்சட்டைப் பையில் போட்டு நடந்தால்தான் தெரியும். அப்புறம் சுடும்போது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் தோட்டா அதேதான், அதன் உதைப்பைத் தாங்க வேண்டிய எடைதான் குறைந்துவிட்டது. 340-இல் இன்னும் வலுவான .357 மேக்னம் தோட்டா போட்டுச் சுட்டவர்கள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையைத் தடவிக்கொண்டேதான் அதைப் பற்றிப் பேசுவார்கள். நாள் முழுக்கச் சுமக்க இலேசு, பழகிச் சுடக் கஷ்டம் – தேர்வில் இருக்கிற சிக்கலே இதுதான். 'சிறு' என்ற ஒரே சொல்லுக்குள் எடையையும் அடைத்துவிட்டால் அந்தச் சிக்கலைச் சொல்ல நமக்கு வாய் இருக்காது.

ஆகவே அளவுக்குச் 'சிறுசட்டக', எடைக்கு 'எடைகுறை'. 'இலகுரக' என்று ஒருவர் சொல்லியிருந்தார், ராணுவச் செய்திகளில் அது இலகுரகப் போர் விமானம், இலகுரக எந்திரத் துப்பாக்கி என்று வேறு வகைப்பாட்டுக்குப் போய்விட்டது, இங்கே இழுக்க வேண்டாம். 'ஸ்காண்டியத் துப்பாக்கி'யும் வேண்டாம். அமெரிக்கர்களே பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள்தான், ஆனால் அந்தச் சட்டகம் அலுமினியம், ஸ்காண்டியம் அதில் உப்புப் போடுகிற அளவுக்குத்தான். 'ஸ்காண்டியக் கலவைச் சட்டகம்' என்று முழுசாக எழுதினால் போயிற்று.

எடை குறைப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சொல்லலாம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காகச் சட்டகத்தோடு உருளையையும் அலுமினியத்திலேயே செய்து பார்த்தார்கள். வெடிப்பின் அழுத்தம் நேரே விழுவது உருளைமேல்தான், அது தாங்கவில்லை, செய்ததில் பெரும்பகுதியை அழித்தே விட்டார்கள். இன்றைக்கும் 642-இல் சட்டகம் அலுமினியம், உருளை எஃகு. 2009-இல் வந்த ரூகர் நிறுவனத்தின் எல்சிஆர் ரிவால்வர் விசை (டிரிகர்) இருக்கும் பகுதியைப் பாலிமரில் செய்து சுமார் 380 கிராமுக்கு இறங்கியது, அங்கேயும் உருளை எஃகுதான்.

அடுத்தது 'கிரிம்ப் ஜம்ப்'. 'குண்டுத் தாவல்' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் தாவுவதில்லை. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, உருளைக்குள் காத்திருக்கும் தோட்டாக்களின் பித்தளைக் கூடு விளிம்பில் பிடிபட்டிருப்பதால் கூடவே பின்னால் போகிறது, தலையில் இருக்கும் ஈயக் குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை மயிரிழையாகக் கூட்டிலிருந்து கழன்று முன்னால் வருகிறது. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு அதிகம். மேலுறை இல்லாத வெறும் ஈயக் குண்டில் இன்னும் அதிகம். குண்டின் மூக்கு உருளைக்கு வெளியே நீட்டிவிட்டால் சட்டகத்தில் இடித்து உருளை சுழலாமல் நின்றுவிடும், அந்த நேரத்தில் விசையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து போட்டு நாலைச் சுட்டுவிட்டு, சுடாத ஐந்தாவதை வெளியே எடுத்துப் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி நீளம் பார்ப்பார்கள். கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இதைப் பார்க்கிறபோது 'குண்டு நழுவல்' பொருந்துகிறது. போகிற போக்கில் ஒன்று: குண்டும் தோட்டாவும் ஒன்றல்ல, தோட்டாவின் தலைப்பகுதிதான் குண்டு. ஈழத்து நண்பர்கள் ரவை என்பார்கள், மேகசினுக்கு ரவைக்கூடு என்ற அழகான சொல்லும் அவர்களிடம் உண்டு, ரிவால்வருக்குத்தான் ரவைக்கூடு கிடையாது.

> 'ஹேமர்லெஸ்' என்பதற்குச் 'சுத்தியலற்ற' என்று போடலாமா?

சுத்தியல் வேண்டவே வேண்டாம். குதிரை இருக்கிறதே! துப்பாக்கிக் குதிரை அகராதியிலேயே இருக்கிறது. சிலர் விரலால் இழுப்பதையும் குதிரை என்று எழுதிவிடுகிறார்கள், அதை விசை என்று வைத்துக்கொண்டு பின்னால் நின்று அடிப்பதைக் குதிரை என்று பிரித்துவிடலாம். மாடல் 36-இல் குதிரையின் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சட்டைப்பைக்குள்ளிருந்து அவசரமாக உருவினால் உள்துணியில் மாட்டும், அதனால் பழகியவர்கள் கட்டைவிரலை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டே எடுப்பார்கள். இந்தத் தொல்லைக்கு இரண்டு தீர்வு வந்தது. 1952-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி வந்த சென்டென்னியலில் குதிரை முழுக்க உள்ளே போய்விட்டது. 1955-இன் பாடிகார்டில் இருபுறமும் சுவர் எழுப்பி, நுனியை மட்டும் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி விட்டார்கள். எனவே 'குதிரையற்ற' என்பதும் தப்பு, இரண்டிலும் குதிரை இருக்கிறது. முதலாவது 'உள்குதிரை', இரண்டாவது 'மூடுகுதிரை'. 642 உள்குதிரை வகை. அதில் குதிரையை முன்கூட்டி ஏற்றிவைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் நீளமான, கனமான இழுப்புத்தான். பைக்குள் கிடக்கிற ஆயுதத்துக்கு அந்தக் கனமே பாதுகாப்பு என்பது என் எண்ணம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். 'காப்பு' ஏற்கெனவே கணினியில் காப்புநகலுக்குப் போய்விட்டது. துப்பாக்கிப் பக்கமோ தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் தாழையும் காப்பு என்கிறோம். 'காப்புத் துப்பாக்கி' என்றால் தாழுள்ள துப்பாக்கி என்றோ, வெறுமே தற்காப்புக்கானது என்றோதான் படிப்பவர் நினைப்பார். 'துணை' என்றால் முதலாவதோடு சேர்ந்து வேலை செய்வது போல் ஒலிக்கிறது. இது அப்படி இல்லை. நியூயார்க் போலீஸ்காரர்கள் ரிவால்வர் வைத்திருந்த காலத்தில் ஆறு தோட்டாவும் தீர்ந்தால் நிரப்பிக்கொண்டிருக்காமல் இரண்டாவது ரிவால்வரை உருவுவார்கள், அதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர் விழுந்தது. முதலாவது தீர்ந்தால், சிக்கினால், பறிபோனால் மட்டும் இது. கணுக்கால் உறையிலோ கோட்டுப் பையிலோ, இடது கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கும். எதிராளி மேலே விழுந்து கட்டிப் புரளும்போது தானியங்கிப் பிஸ்டலின் மேற்பகுதி உடம்பில் அழுந்திப் பின்னால் நகர்ந்துவிட்டால் சுடாது, ரிவால்வருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இவ்வேலைக்கு இன்னமும் ரிவால்வரை விடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த வேலைக்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: கைகாவல். "கைகாவலா கொஞ்சம் பணம் வச்சுக்கோ" என்று ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் சொல்கிறோம். செலவுக்கான பணம் வேறு, இது வேறு, தேவைப்படாமலே திரும்பி வந்தால் நல்லது. 'கைகாவல் ரிவால்வர்' என்றால் விளக்கம் தேவையில்லை. 'ஸ்டெப்னி' என்று விளையாட்டாகச் சொன்னவருக்கு, சிரித்தேன், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பேச்சில் இன்னொரு பொருளும் இருப்பது உங்களுக்கும் தெரியும்.

ரிவால்வரை ரிவால்வராகவே விடலாம். 'சுழல்துப்பாக்கி' தவறில்லை, ஆனால் நீண்ட தொடரில் நாக்கு தடுக்கும். 'சுழலி' டர்பைனுக்குப் போய்விட்டது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு கேட்டிருந்த அக்காவுக்கு: 2014-இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் .32, டைட்டானியக் கலவை, சுமார் 500 கிராம். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று எடையைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். அது எடைகுறை ரிவால்வர், கைகாவல் அல்ல, வாங்குகிறவருக்கு அது ஒன்றுதான் துப்பாக்கி. பெயரில் வேலையைத் தனியாகப் பிரித்து வைத்தால்தான் இந்த வித்தியாசம் நிற்கும்.

ஆக முழுத் தொடர்: 'எடைகுறை சிறுசட்டகக் கைகாவல் ரிவால்வர்'. நீளம்தான், கட்டுரையில் முதல் தடவை இப்படி எழுதிவிட்டு அப்புறம் 'கைகாவல்' என்று மட்டும் போகலாம். 'சட்டகம்' வேண்டாம், 'கூடு' போதும் என்பவர்கள் பித்தளைக் கூட்டுக்கு என்ன சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்.