பொய்ச்சுட்டு: ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இல்லாத நோயை இருப்பதாகச் சோதனை காட்டுவதே ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’. அதற்குத் தமிழில் ‘பொய் நேர்மறை’ என்பதே போதும் என்று நம்மிடையே எழுந்த கருத்துக்கு எனக்கு இரண்டு தடைகள் உண்டு. நம் இலக்கணத்தில் ‘மறை’ என்றாலே மறுப்பதுதான். ‘எதிர்மறை’யைப் பார்த்து வார்த்த ‘நேர்மறை’ பிறப்பிலேயே கோணல். மற்றொன்று, மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கண்டது. குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அறிக்கையில் ‘நேர்மறை’ என்று படித்ததும் நல்ல சேதி என்றெண்ணிச் சிரித்தார்.

அவருடைய கால்விரல் இடுக்கில் சுரண்டிய தோலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பார்த்து, பூசண இழை தெரிவதாக எழுதியிருந்தோம். அறிக்கை கைமாறிய பிறகு அதே ஸ்லைடை மறுபடி பார்த்த மூத்தவர், குறுக்குச்சுவரோ கிளையோ இல்லாமல் நாடாபோல் முறுக்கிக் கிடந்த அது வெறும் பஞ்சிழை என்று காட்டினார்.

அங்கே இருந்தது பூசணமே அன்று. ஆனால் ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் காற்றோடு வந்து வளர்ப்புத்தட்டில் முளைக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் மெய்யான பூசணம். நோயாளியுடையது அன்று, அவ்வளவே. இதை ‘வரத்துப் பூசணம்’ எனலாம். ஆஸ்பர்ஜில்லஸின் செல்சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளான கேலக்டோமன்னனை இரத்தத்தில் தேடும் சோதனையில் குறியெண் 0.5ஐத் தாண்டினால் நோய் இருக்கலாம் என்று ஐயுறுகிறோம். முன்பு பிப்பராசிலின்–டாசோபாக்டம் என்ற பாக்டீரியா எதிர்ப்பு ஊசி மருந்தின் சில தொகுதிகளே அந்த அளவைக் கொடுத்தன. பல பூசணங்களின் செல்சுவரிலுள்ள குளுக்கன் என்ற பொருளைத் தேடும் சோதனையையோ செல்லுலோஸ் சவ்வு வைத்த டயாலிசிஸும் அறுவையில் வைக்கும் காஸ் துணியும் ஏமாற்றும். இவற்றில் பொருள் உள்ளபடியே இருக்கிறது. அதைக் கண்டு நோயைச் சுட்டும் விரல்தான் தவறுகிறது.

ஆகவே ‘பொய்ச்சுட்டு’ என்று முன்மொழிகிறேன். ‘பொய்’ என்றால் கருவிமேல் பழி விழும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மழை பொய்த்தது என்கிறோம், வானத்தை யாரும் பொய்யன் என்பதில்லை. கயிற்றைப் பாம்பென்று காண்பதற்கு நம் முன்னோர் வைத்த ‘திரிபு’தான் என் முதல் விருப்பம்; கொரோனாக் காலத்தில் அதைத் தீநுண்மி (வைரஸ்) வகைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

இருக்கும் நோயைச் சோதனை தவறவிடுவதற்கு ‘விடுசுட்டு’ என்று எண்ணியிருக்கிறேன், ஆனால் ‘விட்ட சுட்டு’, ‘விடுக்கும் சுட்டு’ என இருவகையாகவும் பிரிக்கலாம் என்பதால் அதில் எனக்கே முழு நிறைவில்லை. நோயாளி கையில் போகும் தாளில் மட்டும் ‘பூசணம் உண்டு’, ‘பூசணம் இல்லை’ என்றே எழுதுவோம்.